இருதயக் கதவைச் செப்பனிட்ட வரலாறு

நெஞ்சம், உள்ளம், இதயம் என்று நாம் பல பெயரிட்டு வழங்கும் உறுப்பு, புலவர் நாவில் எளிதாகப் புகுந்துவிட்டது. மருத்துவர் கைக்கு அவ்வளவு எளிதாக அகப்படவில்லை. கண்ணின் புரையை நீக்கவும், அறுபட்ட மூக்கை ஒட்டுப்போட்டுச் செப்பனிடவும் இந்நாட்டு மருத்துவர்கள் பண்டைக் காலத்திலேயே அறிந்திருந்தனர். ஆயின், இருதயத்தைத் திறந்து, அதன் உட்புறத்தைக் கண்ணாற் கண்டு, கையால் தைப்பதற்கு மனித குலம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. அக்காத்திருப்பின் நீளத்தையும், அதன் முடிவில் கிட்டிய வெற்றியையும் ஒரே ஒரு பிறவிக் குறையின் வரலாற்றைக் கொண்டே உணர்ந்துகொள்ளலாம். ‘எப்ஸ்டைன் குறை’ என்று மருத்துவ நூல்கள் கூறும் இருதய வால்வுக் குறையே அது.

அரிதான ஒரு நோயைப் பற்றி விழா மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். ஏறத்தாழ 20,000 குழந்தைகளுள் ஒன்றுக்கு இக்குறை உண்டாகிறது என்பர். ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் இப்பெருநாட்டில், அந்தக் கணக்கின்படி ஆயிரம் வீடுகளிலாவது ஒவ்வோர் ஆண்டும் இத்துயரம் புகுகின்றது. உற்றார் உறவினரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம் போன்ற குடும்பங்களில் ஒன்றும் அவற்றுள் இருக்கக்கூடும். ஆதலின் இதனை அறிந்துவைத்தல் நன்று.

கதவும் நிலையும்

நம் இருதயம் நான்கு அறைகள் கொண்ட ஒரு வீடு. மேலே இரண்டு அறைகள். கீழே இரண்டு அறைகள். உடலெங்கும் சுற்றிக் கறுத்துத் திரும்பும் இரத்தம் வலப்புற மேலறையில் வந்து சேர்கிறது. அங்கிருந்து வலப்புறக் கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குச் சென்று, பிராணவாயுவைப் பெற்றுச் சிவந்து, இடப்புற அறைகளின் வழியே மீண்டும் உடலுக்குப் பாய்கிறது. வலப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள கதவே மூவிதழ் வால்வு. மெல்லிய மூன்று இதழ்கள் ஒரு வளையத்திற் பொருந்தி நின்று, இரத்தத்தைக் கீழே விடும். மேலே திரும்ப விடா.

வீட்டுக் கதவுக்கு நிலை எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது அந்த வளையம். இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கவேண்டிய நிலையிற் கதவைப் பொருத்தாமல், உள்ளறையின் நடுவில் கொண்டுபோய்ப் பொருத்தினால் என்ன ஆகும்? உள்ளறையின் ஒரு பகுதி வெளியறையோடு சேர்ந்துபோகும். எஞ்சிய உள்ளறை சிறுத்துப்போகும். கதவும் சரியாகச் சாத்தாது. எப்ஸ்டைன் குறையில் நிகழ்வது இதுவே. மூன்று இதழ்களுள் இரண்டு, தம் வளையத்தில் நில்லாமல், கீழறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு தாழ இறங்கிவிடுகின்றன. மூன்றாவது இதழ் மட்டும் பாய்மரக் கப்பலின் பாயைப்போல் பெரிதாய் விரிந்து தொங்குகிறது. கீழறை அழுத்தும்போது இரத்தம் மேலே கசிகிறது; மேலறை நாளடைவில் ஊதிப் பெருக்கிறது. மேலறைகள் இரண்டிற்கும் இடையே உள்ள சுவரிலும் பெரும்பாலோருக்கு ஒரு துளை இருப்பதுண்டு. அதன் வழியாகக் கறுத்த இரத்தம் நுரையீரலுக்குப் போகாமலே இடப்புறம் கலந்துவிடுவதால், உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன.

இக்குறை எவ்வாறு உண்டாகின்றது? கருவில் இருதயம் உருவாகும் நாள்களில், வாழைத்தண்டினின்று பட்டை பிரிவதுபோல், கீழறையின் உட்சுவரினின்றே இவ்விதழ்கள் பிரிந்து எழவேண்டும். அப்பிரிவு முற்றுப்பெறாது நின்றுவிட்டால் இதழ் சுவரிலேயே ஒட்டிக்கிடக்கும். இதழ் இல்லாமற் போகவில்லை, பிரியாமற் போயிற்று. இந்த ஒரு செய்தியைப் படிப்போர் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னால் வரும் வரலாறு முழுவதும் இதனையே சுற்றி நிற்கின்றது.

பிரஸ்லாவ் நகரத்துத் தொழிலாளி

1864-ம் ஆண்டில், அந்நாளைய பிரஷ்ய அரசுக்கு உட்பட்டிருந்த பிரஸ்லாவ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் 19 வயதுத் தொழிலாளி ஒருவன் வந்து சேர்ந்தான். (போலந்து நாட்டில் இன்று விரோட்ஸ்லாவ் எனப்படுவது அந்நகரமே.) சிறுவயது முதலே அவனுக்கு மூச்சுத் திணறலும் படபடப்பும் இருந்தன. உடல் நீலம் பாரித்திருந்தது. சில நாள்களிலேயே அவன் இறந்துபட்டான். அம்மருத்துவமனையிற் பணியாற்றிய வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்னும் 27 வயது மருத்துவர் அவன் உடலை ஆராய்ந்தார். மூவிதழ் வால்வு விசித்திரமாய் அமைந்திருப்பதைக் கண்டார். கண்டதோடு நிற்கவில்லை. அவ்வமைப்பினால் இரத்த ஓட்டம் எங்ஙனம் கெட்டிருக்கும், உயிரோடிருந்த காலத்தில் அவ்விளைஞன் பட்ட துன்பங்களுக்கு அது எவ்வாறு காரணமாயிற்று என்பதையும் சிந்தித்து, 1866-ம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்.

அக்காலத்தில் எக்ஸ்ரே இல்லை. இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் கருவியும் இல்லை. காதும், கையும், பிணத்தை அறுத்துப் பார்க்கும் கத்தியுமே கருவிகள். அவற்றைக் கொண்டே எழுதப்பட்ட அக்கட்டுரை இன்றளவும் பிழையற்றதெனப் போற்றப்படுவது வியப்பிற்குரியது. எப்ஸ்டைன் பின்னர் கெட்டிங்கன் நகரத்திற் பேராசிரியராகி, உடற் பருமன், வாதரோகம் முதலியவற்றை ஆராய்ந்து புகழ் பெற்று, 1912-ல் மறைந்தார். ஆயினும், 1927-ல் ஆல்பிரட் ஆர்ன்ஸ்டைன் என்ற மருத்துவர் இந்நோய்க்கு எப்ஸ்டைனின் பெயரையே சூட்டலாமென்று கூறிய பிறகு, ஒரே ஓர் ஏழைத் தொழிலாளியின் இருதயத்தைப் பற்றி இளமையில் எழுதிய அக்கட்டுரையே அவருடைய பெயரை நிலைநிறுத்தியது.

அறிந்தும் தீர்க்க இயலாத காலம்

எப்ஸ்டைன் எழுதிய நாளிலிருந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வரை இந்நோய் இறந்த பின்னரே அறியப்படும் நோயாக இருந்தது. உயிரோடிருப்பவரின் இருதயத்திற்குள் எட்டிப்பார்க்க வழி வேண்டும். 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் போர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர், மேலதிகாரிகளின் தடையையும் மீறி, தம் கை நரம்பின் வழியே ஒரு மெல்லிய குழாயைத் தம் இருதயம் வரை செலுத்தி, எக்ஸ்ரே படமும் எடுத்துக் காட்டினார். அமெரிக்காவில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்பார் அம்முறையை வளர்த்தனர். மூவருக்கும் 1956-ல் நோபெல் பரிசு கிடைத்தது. அக்குழாயின் துணையால் 1949-ல் பிரெஞ்சு மருத்துவர் தூர்னியேர் என்பவர், உயிரோடிருந்த ஒருவரிடத்தில் எப்ஸ்டைன் குறையைக் கண்டறிந்து கூறினார்.

நோயின் பெயரைச் சொல்ல முடிந்ததே ஒழிய, நோயாளிக்குச் செய்யத்தக்கது யாதொன்றும் இல்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1944-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி ஹெலன் டாசிக், ஆல்பிரட் பிளேலாக், விவியன் தாமஸ் ஆகிய மூவரின் முயற்சியால் நடந்த அறுவைச் சிகிச்சை, வேறொரு வகைப் பிறவிக் குறையால் நீலம் பாரித்த குழந்தைகளுக்குப் புதுவாழ்வு அளித்தது. ஆயின் அது இருதயத்திற்கு வெளியே இரத்தக் குழாய்களை இணைத்த சிகிச்சை. உள்ளே இடம் மாறி நிற்கும் கதவை அது தொடவில்லை. அக்கதவைத் தொடவேண்டுமானால் இருதயத்தைத் திறக்கவேண்டும். திறக்கவேண்டுமானால் அதன் வேலையைச் சிறிது நேரம் வேறொன்று ஏற்கவேண்டும்.

இருதயம் திறக்கப்பட்டது

அந்த வேறொன்றைத் தேடி இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் ஜான் கிப்பன். நுரையீரல் இரத்தக் குழாய் அடைபட்டு ஒரு பெண்மணி உயிர் துறப்பதை 1931-ல் இரவெல்லாம் அருகிருந்து கண்ட அவர், இருதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை ஓர் இயந்திரம் செய்யலாகாதா என்று எண்ணினார். 1953-ம் ஆண்டு மே 6-ந் தேதி பிலடெல்பியா நகரில் 18 வயதுப் பெண்ணொருத்தியின் இருதயத் துளையை அவர் தைத்து மூடியபோது, 26 நிமிடங்கள் அவளுடைய உயிரை இயந்திரமே தாங்கி நின்றது.

மறு ஆண்டில் மினியாபொலிஸ் நகரத்து வால்டன் லில்லிஹை இன்னொரு வழியைக் கண்டார். இயந்திரத்திற்குப் பதிலாகப் பெற்றோரில் ஒருவரையே குழந்தையின் பக்கத்திற் படுக்கவைத்து, இருவர் இரத்தக் குழாய்களையும் இணைத்து, தந்தை அல்லது தாயின் இருதயமே குழந்தைக்கும் துடிக்குமாறு செய்தார். ஒரே மேசையருகே இரண்டு உயிர்கள் பணயம். 45 நோயாளிகளுக்கு அம்முறையிற் சிகிச்சை நடந்தது. இயந்திரங்கள் சீர்ப்பட்ட பின் அம்முறை கைவிடப்பட்டது. ஆயினும் பெற்றோரின் அன்பு எத்தகையது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதனினும் மேலான சான்று காண்பதரிது.

மாற்றுவதா, செப்பனிடுவதா?

இருதயம் திறக்கப்பட்டதும் எப்ஸ்டைன் குறையின் மேல் மருத்துவர்களின் கருத்துச் சென்றது. 1958-ல் லில்லிஹையும் ஹன்ட்டர் என்பவரும் ஒரு யோசனையை எழுதினர்: தாழ்ந்து போன இதழ்களை மேலிழுத்து உரிய வளையத்தோடு சேர்த்துத் தைத்துவிடலாம், வீணே ஊதி நிற்கும் கீழறைப் பகுதியைக் கொசுவி மடித்துவிடலாம். சொல்வது எளிது, செய்து பிழைக்கவைப்பது எளிதன்று.

1960-களில் இரண்டு பாதைகள் பிரிந்தன. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்துக் கிறிஸ்தியான் பர்னார்ட் கெட்ட வால்வை அகற்றிவிட்டுச் செயற்கை வால்வைப் பொருத்தினார். அதன் விவரம் 1963-ல் வெளிவந்தது. 1967-ல் முதன்முதல் ஒரு மனிதரின் இருதயத்தை மற்றொருவருக்கு மாற்றிப் பொருத்தி உலகப் புகழ் பெற்றவரும் அவரே. அமெரிக்காவில் மிசிசிபி மாநிலத்து ஜேம்ஸ் ஹார்டி என்பாரோ, 1964-ல், லில்லிஹையின் யோசனையைத் தழுவி, நோயாளியின் சொந்த வால்வையே மடித்துத் தைத்துச் செப்பனிட்டு வெற்றி கண்டார். மாற்றுவதா, செப்பனிடுவதா என்ற வினா அன்று தொடங்கியது.

செயற்கை வால்வைப் பொருத்துவது கைத்திறனுக்கு எளியது, பின்விளைவுகளோ பல. உலோக வால்வு உடையோர், அதன்மீது இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உண்ணவேண்டும். அடிக்கடி இரத்தத்தைச் சோதித்து அளவை மாற்றவேண்டும். இரத்தம் மெதுவாகச் செல்லும் வலப்புறத்தில் உறையும் அபாயம் இடப்புறத்தினும் மிகுதி. மிருகத் திசுவினாற் செய்த வால்வு நாளடைவில் தேய்ந்து இறுகும். எல்லாவற்றிற்கும் மேலாக, குழந்தை வளரும். பொருத்திய வால்வு வளராது. ஐந்து வயதில் தைத்த சட்டை பதினைந்து வயதுக்கு ஆகுமா? சட்டையை மாற்றலாம், வால்வை மாற்றுவதற்கு மீண்டும் மார்பைத் திறக்கவேண்டும்.

ஆதலால் செப்பனிடும் பாதையில் நம்பிக்கை கொண்டோர் அயராது முயன்றனர். மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த கார்டன் டேனியல்சன் 1972 முதற்கொண்டு, பாய்போல் விரிந்த முன்னிதழ் ஒன்றையே ஒற்றைக் கதவாகக் கொண்டு வழியை அடைக்கும் முறையை வளர்த்தார். 1972-க்கும் 2006-க்கும் இடையில் அம்மருத்துவமனையில் இக்குறைக்காக அறுவைச் சிகிச்சை பெற்றோர் 539 பேர். அரிய நோயொன்றில் இத்துணைப் பேரை ஓரிடத்திற் கண்ட அனுபவம் பெரிது. பாரிஸ் நகரத்து அலேன் கார்ப்பாந்தியே 1988-ல் வேறொரு முறையை வெளியிட்டார். முன்னிதழைச் சுவரினின்று விடுவித்து, தாழ்ந்த இடத்திலன்றி உரிய வளையத்திலேயே மீண்டும் பொருத்தி, கீழறையை நெடுக்குவாட்டில் மடித்துத் தைத்தார். கதவு தன் நிலைக்கு மீண்டது. ஆயினும் இவ்விரு முறைகளிலும் மூன்று இதழ்களின் வேலையைப் பெரும்பாலும் ஓரிதழே சுமந்தது. பலருக்குக் கசிவு ஓரளவு எஞ்சியது. பலருக்கு வால்வை மாற்ற நேர்ந்தது.

சாவோ பாலோவின் கூம்பு

முழுமையான விடை ஐரோப்பாவிலிருந்தோ வட அமெரிக்காவிலிருந்தோ வரவில்லை. பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரத்திலிருந்து வந்தது. அங்கே ஜோசே பெத்ரோ ட சில்வா என்னும் அறுவை மருத்துவர், 1993-ம் ஆண்டு நவம்பர் முதல் ஒரு புது முறையைக் கையாளத் தொடங்கினார். சுவரோடு ஒட்டிக்கிடக்கும் இதழ்த் திசு அனைத்தையும், முன்னிதழை மட்டுமன்றி மற்றையவற்றில் எஞ்சியதையும், பொறுமையாகப் பிரித்தெடுத்தார். பிரித்தவற்றைச் சுழற்றி ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தார். கடலை விற்பவர் காகிதத்தைச் சுருட்டிச் செய்யும் பொட்டலத்தைப் போல ஒரு கூம்பு உருவாயிற்று. அகன்ற வாய் உண்மையான வளையத்தில் தைக்கப்பட்டது. குறுகிய முனை கீழறையை நோக்கித் திறந்து நின்றது. ஊதி மெலிந்த கீழறைச் சுவர் நெடுக்காக மடித்துத் தைக்கப்பட்டது. மேலறைத் துளையும் அடைக்கப்பட்டது. இரத்தம் இறங்கும்போது கூம்பு விரியும். கீழறை அழுத்தும்போது இதழோடு இதழ் சுற்றிலும் பொருந்தி மூடும். இயற்கை வகுத்த அமைப்பும் இதுவேயன்றோ!

1993-க்கும் 2005-க்கும் இடையே இம்முறையிற் சிகிச்சை பெற்ற 40 பேரின் விவரத்தை அவர் 2007-ல் வெளியிட்டார். மருத்துவமனையில் இறந்தவர் ஒருவர். பின்னாளில் இறந்தவர் ஒருவர். செயற்கை வால்வு தேவைப்பட்டவர் எவருமிலர். நெடுங்காலம் வேறு முறையைக் கையாண்ட மேயோ மருத்துவமனையே இம்முறையை ஏற்றது. பிற நாடுகளும் ஏற்றன.

இதில் நாம் எண்ணிப்பார்க்கத்தக்கது ஒன்று உளது. 1866-ல் எப்ஸ்டைன் கண்ட இதழ்கள் இல்லாதொழிந்தவை அல்ல, சுவரில் ஒட்டிக்கிடந்தவை. வெளியிலிருந்து புதுப்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தவேண்டுமென்று பல்லாண்டுகள் எண்ணப்பட்டது. வேண்டிய பொருளோ உள்ளேயே இருந்தது. கருவில் முற்றுப்பெறாது நின்ற பிரிவினை, மருத்துவரின் கத்தி பிற்காலத்தில் முற்றுவிக்கிறது. இந்த எளிய உண்மை கைத்திறனாக மலர 127 ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டில்

நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்ட இடங்களுள் தமிழகத்து வேலூர் முன்னிற்பது நமக்கெல்லாம் பெருமை. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் 1949-ல் மார்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்நாட்டில் அத்துறையைப் பயிற்றும் கூடமாக அது விளங்கிற்று. பின்னர்த் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தானும் அவருடன் உழைத்தோரும், வெளிநாட்டு வால்வின் விலை கொடுக்க இயலாத எளியோர்க்காக உள்நாட்டிலேயே ஓர் இருதய வால்வை வடிவமைத்தனர். பலமுறை தோற்று, மீண்டும் மீண்டும் முயன்று, 1990-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி அது முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மாற்றுவதே வழியென்ற நோயாளிகளுக்கு அது பேருதவி. ஆயினும், சோதனைச் சாலை அருகில்லாத சிற்றூர்களில் வாழ்வோர்க்கு, வாழ்நாள் மருந்தின் தொல்லை இல்லாத செப்பனிடும் முறை எத்துணை நன்மை பயக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாம் அறியவேண்டுவன

எப்ஸ்டைன் குறை எல்லோரிடத்தும் ஒரே அளவினதன்று. மிகக் கடுமையாயின் பிறந்த சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். அத்தகைய பச்சிளங்குழந்தைகளுக்குச் சிகிச்சை இன்றும் அரிதின் அரிது. மிக மெல்லியதாயின், அறுவையே இன்றி முதுமை வரை வாழ்ந்தோரும் உளர். இடைப்பட்டோரே மிகுதி. அவர்களுக்கு எப்போது சிகிச்சை செய்வது என்பதை இருதய நிபுணரே முடிவு செய்யவேண்டும். சிலருக்கு இருதயத்தின் மின்னோட்டத்திலும் கோளாறு இருந்து, திடீரென்று படபடப்பு உண்டாகும். அதற்கும் இன்று சிகிச்சை உண்டு.

குழந்தையின் உதடு நீலம் பாரித்தல், பால் குடிக்கும்போது மூச்சு வாங்குதல், ஒத்த வயதினரோடு ஓடியாட இயலாமற் களைத்தல் முதலியவற்றைக் கண்டால், “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று வாளாவிருத்தல் தகாது. ஒலியலைகளைக் கொண்டு இருதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை, வலியின்றிச் சிறிது நேரத்தில் உண்மையைக் காட்டிவிடும். சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்சும் 1953-ல் தொடங்கிவைத்த அம்முறை, எப்ஸ்டைன் பிணத்தில் கண்டதை இன்று உயிருள்ள குழந்தையிடத்தில், ஏன், கருவில் வளரும் சிசுவிடத்திலும் காட்டவல்லது. மத்திய அரசு 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பிறவி இருதயக் குறைகளும் அடங்கும் என்பதை, நம் இல்லங்களில் வேலை செய்வோர்க்கும் அண்டை அயலார்க்கும் நாம் எடுத்துரைக்கலாம்.

இன்னொன்றும் கூறல் வேண்டும். இத்தகைய குழந்தை பிறந்தால், தாய் கிரகணத்தில் வெளியே வந்தாள், ஆகாததை உண்டாள் என்று பழிசுமத்தும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கிரகணத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. கருவில் ஒரு மெல்லிய ஏடு பிரியாமல் நின்றதற்குத் தாய் என்ன செய்வாள்? அறுவைச் சிகிச்சை முடிந்து நலமுற்ற பெண்ணுக்கு மணவாழ்வும் மகப்பேறும் கூடா என்று ஒதுக்குவதும் தவறு. மருத்துவரின் ஆலோசனையோடும் கவனிப்போடும் மகப்பேறு கண்ட பெண்கள் பலர்.

பிரஸ்லாவ் நகரத்துத் தொழிலாளிக்கு மருத்துவம் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஆயினும் அவன் இருதயத்தை உற்று நோக்கிய ஒருவரின் நேர்மையான எழுத்து, கடல் கடந்து, தலைமுறை கடந்து, எண்ணற்ற குழந்தைகளைக் காக்கும் கைகளுக்கு வழிகாட்டியது. தலையெழுத்து என்று நாம் சொல்லி விட்டுவிடும் துன்பங்களுள் எத்தனை, பொறுமையாகப் பிரித்துத் தைத்தால் தீரக்கூடியவையோ! நம் வீட்டுக் குழந்தைகளைப் பொறுத்தமட்டிலேனும், அவ்வாறு சொல்லுமுன் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுவோமாக.